முலூஸ் கார் மியூசியமும் அப்பாவின் ஆயில் கேனும்

"சொந்தமா ஒரு ஸ்கூட்டர்கூட வாங்காதவரு, காரைப் பத்தி எழுதப் போறீங்களா?" என்று வீட்டம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். பணி ஓய்வு பெறும் வரை சைக்கிளில்தான் ஆபீசுக்குப் போனேன். இப்போதும் பால் வாங்கவும் மார்க்கெட்டுக்கும் கடற்கரைக்கும் அதே சைக்கிள்தான். ஆனால் நண்பர்களே, ஒரு வகையில் ஆயிரக்கணக்கான வண்டிகள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. புதுவை அரசில் எழுத்தராக இருந்த 36 ஆண்டுகளில் 11 ஆண்டுகள் வாகனப் பதிவுப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், நிறம், உரிமையாளர் பெயர், தகப்பனார் பெயர் என்று பதிவேட்டில் வரிசையாக எழுதுவேன். வண்டி வெளியே வாசலில் நிற்கும். நான் உள்ளே காகிதத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த 'சேசிஸ்' என்ற சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 1949-ல் பிறந்தேன். ஐந்து வயதில், 1954 நவம்பர் முதல் தேதி, ஊரில் கொடி மாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். நாங்கள் வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை, நாடு மட்டும் மாறியது. வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, வேலைக்குப் போன இடத்தில் ஆங்கிலம். அந்தப் பிரிவில் சேர்ந்த முதல் வாரம் ஒரு படிவத்தை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். பள்ளியில் கற்றபடி "ஷாசி நம்பர்" என்று படித்தேன். அறை முழுவதும் சிரித்தது. "தம்பி, இங்க சேசிஸ்னு சொல்லணும்" என்றார் தலைமை எழுத்தர். அது பிரெஞ்சுச் சொல், ஜன்னல் சட்டத்துக்கும் அதே பெயர்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. முதல் வாரம் என்பதால் விழுங்கிவிட்டேன்.

அப்படி எழுதிய சேசிஸ் ஒன்றையாவது உடம்பு மூடாமல் முழுசாகப் பார்த்தது என் எழுபதுகளில்தான். பிரான்சில், முலூஸ் நகரத்துக் கார் மியூசியத்தில்.

மகள் ஸ்ட்ராஸ்பூரில் இருக்கிறாள். அங்கே தங்கியிருந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, "மாமா, தம்பிக்கு லீவு. முலூஸ் போய் கார் பாத்துட்டு வரலாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. பேரனுக்குப் பதினோரு வயது, கார் பைத்தியம். அவனுக்காகக் கிளம்பினேன். ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், இறங்கியதும் டிராம். இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரே மியூசியத்தின் பெயர்தான். உள்ளே நுழையும்போது இன்னொரு அலங்காரக் கட்டடம் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியும் இரும்பும் தாண்டி உள்ளே போனதும் கால் தானாக நின்றுவிட்டது.

அது ஒரு மில்.

பஞ்சாலைத் தொழிலாளியின் மகனுக்கு மில்லை அடையாளம் காட்ட யாரும் வேண்டாம். ஒரே அளவு இடைவெளியில் வரிசையாக நிற்கும் இரும்புத் தூண்கள். வடக்கு வெளிச்சம் விழும்படி ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும் கூரை. நூற்பு மெஷின்கள் நிற்க வேண்டிய இடத்தில் கார்கள் நிற்கின்றன. நடுவில் சரளைக்கல் பரப்பிய பாதைகள், இருபுறமும் விளக்குக் கம்பங்கள். பாரிசில் மூன்றாம் அலெக்ஸாந்தர் பாலத்தில் இருக்கும் விளக்குகளைப் போலவே செய்து 800-க்கும் மேல் நட்டிருக்கிறார்கள். விளக்கும் கம்பமும் எத்தனை அழகாக இருந்தாலும் என் மூக்குக்குப் பஞ்சுத் தூசி வாசனைதான் வந்தது. வராத வாசனைதான், ஆனாலும் வந்தது.

பேரன் கையைப் பிடித்து இழுத்தான். முதலில் அவன் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கார்களைக் காலவரிசைப்படி பார்த்துக்கொண்டு போகலாம். தொடக்கத்தில் இருப்பவை காராகவே தெரியவில்லை, குதிரை அவிழ்த்துவிட்ட வண்டிகள் போல இருக்கின்றன. 1878-ல் செய்த ஒரு நீராவி வண்டி இருக்கிறது. கார்ல் பென்ஸ் தன் பெட்ரோல் வண்டிக்குக் காப்புரிமை வாங்கிய 1886-க்கும் எட்டு ஆண்டுகள் முந்தையது. அதைப் பார்த்ததும் பேரனுக்கு ஒரு பாடம் நடத்த எனக்கும் வாய்ப்புக் கிடைத்தது. "ஷோஃபர்னா என்ன அர்த்தம் தெரியுமா?" என்றேன். "டிரைவர்" என்றான். "அது இப்போ. அந்தச் சொல்லுக்கு அடுப்பு எரிக்கிறவன்னு அர்த்தம். நீராவி வண்டியை ஓட்டணும்னா முதல்ல கொதிகலனைச் சூடு பண்ணணும் இல்ல?" பிரெஞ்சு மண்ணில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் புதுச்சேரித் தாத்தா பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த பெருமை எனக்கு அன்று முழுவதும் போதுமானதாக இருந்தது.

ஷாசி மட்டுமல்ல. கராஜ், லிமுசின், கூப்பே என்று கார் உலகம் முழுக்கப் பிரெஞ்சுச் சொற்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் பிறந்த கார், நடக்கப் பழகியது பிரான்சில். 1890-களில் பனார் லெவாசோர் நிறுவனம்தான் எஞ்சினை முன்னால் வைத்து, அதற்குப் பின்னால் கிளட்ச், கியர் பெட்டி, அங்கிருந்து பின் சக்கரத்துக்கு விசை என்று ஒரு வரிசையை நிலைநிறுத்தியது. அதற்கு முன் எஞ்சினை இருக்கைக்கு அடியிலோ பின்னாலோ, இடம் கிடைத்த இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பனார் லெவாசோர் போட்ட அந்த வரிசையில்தான் அடுத்த பல பத்தாண்டுகள் பெரும்பாலான கார்கள் வந்தன. நான் பதிவு செய்த அம்பாசடர் கார்களும் அப்படித்தான். ஆரம்ப வண்டிகள் சிலவற்றில் ஸ்டீயரிங் சக்கரமே இல்லை. படகுச் சுக்கான் போல ஒரு கம்பி. அதைத் தள்ளித் திருப்ப வேண்டும்.

ஒரு பழைய காரைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பிப் பார்க்க வருகிறவர்களை விடுகிறார்கள். பேரன் ஓடிப்போய் வரிசையில் நின்றான். சொல்லிக்கொடுத்தவர் முதலில் காட்டியது சுற்றுவதை அல்ல, கட்டைவிரலை. கைப்பிடியைச் சுற்றி விரல்களை மடக்கும்போது கட்டைவிரலை எதிர்ப்பக்கம் கொடுக்கக் கூடாதாம். நாலு விரலோடு அதுவும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். தீப்பொறி முந்திக்கொண்டால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். கைப்பிடி எதிர்த்திசையில் சுழன்று கட்டைவிரலையோ மணிக்கட்டையோ முறித்துவிடும். அந்தக் காலத்தில் ஓட்டுநர்களுக்கு இது அடிக்கடி நேர்ந்த விபத்து. 1912-ல் அமெரிக்காவில் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் இந்தப் பயம் மெல்லத் தீர்ந்தது. புத்தகத்தில் இதைப் பத்துத் தடவை படித்தாலும் மறந்துபோகும். பேரன் இரண்டு சுற்று சுற்றி மூச்சு வாங்கி நின்றபோது, சாவியைத் திருப்பினால் கார் கிளம்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது புகாட்டி. இந்த மியூசியத்தின் உயிர்நாடி அதுதான். 120-க்கும் மேற்பட்ட புகாட்டி கார்கள் ஒரே இடத்தில். இத்தாலியின் மிலான் நகரில் பிறந்த எத்தோரே புகாட்டி, 1909-ல் ஸ்ட்ராஸ்பூருக்குப் பக்கத்தில் மோல்ஷைமில் தொழிற்சாலை தொடங்கினார். அப்போது அது ஜெர்மனி. 1918-க்குப் பிறகு அது பிரான்ஸ். தொழிற்சாலை இருந்த இடத்திலேயே இருந்தது, நாடு மாறியது. இதைப் படித்ததும் அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு பங்காளிப் பாசம் வந்துவிட்டது.

அவருடைய 'ரொயால்' கார்கள் இரண்டு அங்கே இருக்கின்றன. ஆறு மீட்டருக்கு மேல் நீளம். 12.7 லிட்டர் எஞ்சின். ரேடியேட்டர் மேல் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் ஒரு வெள்ளி யானை. அது எத்தோரேயின் தம்பி, சிற்பி ரெம்பிராண்ட் புகாட்டியின் வடிவம். அரசர்களுக்கு விற்க வேண்டும் என்று செய்யத் தொடங்கிய கார். கட்டி முடித்துத் தங்கியவை ஆறு. உலகப் பொருளாதார மந்தக் காலத்தில் அவற்றில் மூன்றுதான் விற்றன. மீந்த எஞ்சின்களை வீணாக்காமல் ரயில் பெட்டியில் பொருத்தினார் புகாட்டி. அரசர் கைவிட்ட எஞ்சின், டிக்கெட் வாங்கியவனை ஏற்றிக்கொண்டு ஓடியது. எழுத்தனாக எனக்கு அந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது.

எத்தோரேயின் மகன் ழானும் கார் வடிவமைப்பில் பெரிய திறமைசாலி. 1939 ஆகஸ்டில் ஒரு பந்தயக் காரைச் சாலையில் ஓட்டிச் சோதித்தபோது குறுக்கே வந்த சைக்கிள்காரர்மேல் மோதாமல் திருப்பி, மரத்தில் மோதி இறந்தார். வயது 30. ஒரு சைக்கிள்காரனாக அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

இத்தனை புகாட்டிகளை ஒரே இடத்தில் சேர்த்தது யார்? அன்று எனக்குச் சம்பந்தப்பட்ட கதை அங்கேதான் தொடங்குகிறது.

முலூஸ் ஒரு துணி நகரம். 'பிரான்சின் மான்செஸ்டர்' என்றே அதற்குப் பெயர். அந்தத் துணித் தொழிலின் வேரைத் தோண்டினால் நம் பக்கம் வந்து நிற்கிறது. நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய அச்சுத் துணிகளுக்குப் பிரான்சில் 'எந்தியென்', அதாவது 'இந்தியத் துணி' என்றே பெயர். ஜனங்கள் அதற்கு அலைந்தார்கள். உள்ளூர் நெசவாளர் பிழைப்புப் போகிறது என்று 1686-ல் பிரெஞ்சு அரசு அதைத் தடை செய்தது. 1759 வரை தடை நீடித்தது. முலூஸ் அப்போது பிரான்சில் இல்லை, சுவிஸ் கூட்டணியோடு சேர்ந்த தனிக் குடியரசு. தடை அதைக் கட்டுப்படுத்தாது. 1746-ல் அங்கே நம் துணியைப் போலவே அச்சடிக்கத் தொடங்கினார்கள். அச்சுக்குத் துணி வேண்டும், துணிக்கு நூல் வேண்டும், நூலுக்கு மில் வேண்டும். ஊர் வளர்ந்தது.

அந்த வட்டாரத்தில் இருபதாம் நூற்றாண்டில் கம்பளி நூல் மில்கள் வைத்துப் பெரும் பணக்காரர்களானவர்கள் ஹான்ஸ், ஃபிரிட்ஸ் ஷ்லும்ஃப் என்ற சகோதரர்கள். சுவிஸ் தகப்பனார், முலூஸில் பிறந்த தாயார். மலைப் பள்ளத்தாக்கில் மல்மெர்ஸ்பாக் என்ற ஊரில் அவர்களுடைய முக்கிய ஆலை. தம்பி ஃபிரிட்ஸுக்குப் புகாட்டி பித்து. முலூஸில் ஒரு பழைய நூற்பாலையை 1957-ல் வாங்கினார்கள். அறுபதுகளில் அதற்குள் கார்கள் வந்து சேர்ந்தன. 1964-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலிருந்து ஒரே மனிதரின் சேகரிப்பு, 30 புகாட்டிகள், மொத்தமாக வந்தன. மெக்கானிக், தச்சர், தோல் வேலை செய்பவர் என்று ஒரு கூட்டமே உள்ளே வேலை பார்த்தது. வெளியே மூச்சு விடக் கூடாது என்று அவர்களுக்குக் கட்டளை. நானூறுக்கும் மேல் கார்கள். ஊருக்குத் தெரியாது.

எழுபதுகளில் துணித் தொழில் சரிந்தது. 1976-ல் ஆலைகள் நின்றன, வேலை போனது. சகோதரர்கள் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்துக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச் 7-ம் தேதி தொழிலாளர்கள் முலூஸ் ஆலைக்குள் நுழைந்தார்கள். உள்ளே என்ன பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தங்களுக்குச் சம்பளம் தரக் காசில்லை என்று கேள்விப்பட்டவர்கள். எதிரே விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் வரிசை வரிசையாகப் பளபளக்கும் புகாட்டி, ரோல்ஸ் ராய்ஸ்.

ஒரு சின்ன ஆஸ்டின் காரைக் கொளுத்தினார்கள். கோபம் உண்மையானதுதான். ஆனால் அதோடு நின்றார்கள். மற்றவற்றைத் தொடவில்லை. வாசலில் 'தொழிலாளர் ஆலை' என்று பெயர் எழுதி வைத்து, கதவைத் திறந்து, வாருங்கள், எங்கள் உழைப்பு எங்கே போனது என்று பாருங்கள் என்று ஊரைக் கூப்பிட்டார்கள். 1979 மார்ச் வரை, இரண்டு ஆண்டுகள், அந்தக் கார்களுக்கு அவர்களே காவல். நடுவில் 1978-ல் அரசு இந்தச் சேகரிப்பை வரலாற்றுச் சின்னமாக அறிவித்ததால் வெளிநாட்டுக்குப் பிரித்து விற்க முடியாமல் போனது. 1981-ல் நகராட்சி, மாவட்டம், மாநிலம் என்று பலர் சேர்ந்த சங்கம் 44 மில்லியன் பிராங்குக்கு வாங்கியது. 1982 ஜூலையில் தேசிய மியூசியமாகத் திறந்தார்கள்.

இதையெல்லாம் நின்று படித்துக்கொண்டே வந்தவன் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை பயந்துவிட்டார். "மாமா, தண்ணி குடிக்கிறீங்களா?" கால் வலி என்று சொல்லிச் சமாளித்து அவர்களை முன்னால் போகச் சொன்னேன். கால் வலிக்கவில்லை.

1964-ல் எனக்குப் பதினைந்து வயது. அப்பா வேலை பார்த்த மில் நான்கு மாதமாக ஓடவில்லை, சம்பளமும் இல்லை. மில் பெயர் வேண்டாம். எங்கள் ஊரில் மில்காரர் வீட்டில் பிறந்த எல்லோருக்கும் இப்படி ஒரு வருஷம் இருக்கும். காலையில் சங்கு ஊதாததால் தெருவே மணி தெரியாமல் எழுந்த காலம் அது. இரவில் யாரும் சாமான்களைக் கழற்றிக்கொண்டு போய்விடக் கூடாது என்று தொழிலாளர்கள் முறை வைத்து உள்ளே காவல் இருந்தார்கள். அப்பாவின் முறை வரும் நாளில் நான் தூக்கில் கஞ்சி எடுத்துப் போவேன்.

அப்பா மில்லில் ஆயில்மேன். கதிர்களுக்கு எண்ணெய் விடுவது அவர் வேலை. ஒருநாள் நான் போனபோது, அரிக்கேன் வெளிச்சத்தில், ஓடாத மெஷினில் ஒவ்வொரு கதிராகக் கையால் சுற்றிப் பார்த்து, துடைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஓடாத மெஷினுக்கு எதுக்குப்பா எண்ணெய்?"

"ஓடாததுக்குத்தான்டா எண்ணெய் வேணும். ஓடுறது துருப்பிடிக்காது."

"நாலு மாசமா சம்பளம் தராதவன் மெஷினுக்கா?"

அப்பா தலை நிமிரவில்லை. "மெஷின் என்னடா பண்ணிச்சு?" என்றார்.

அந்த வயதில் அது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பட்டதை மனதோடு வைத்திருந்தால் பரவாயில்லை. வேலை கிடைத்த புதிதில், அக்கா கல்யாணக் கடன் பற்றி வீட்டில் பேச்சு வந்தபோது சொல்லிவிட்டேன்: "முதலாளி மெஷினுக்கு ராத்திரி ராத்திரியா எண்ணெய் ஊத்தின நேரத்துல வேற ஏதாவது வேலை பாத்திருந்தா இந்தக் கடனே இருக்காது. உங்கள மாதிரி ஏமாளிங்க இருக்கிறதாலதான் அவங்க பொழைக்கிறாங்க." அரசாங்கச் சம்பளம் வாங்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்த வாய் அது. அப்பா பதில் சொல்லவில்லை. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தோம். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. 1983-ல் போய்விட்டார்.

பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். அவரும் பேரப்பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டு உட்கார்ந்தவர்தான். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பொந்திஷேரி என்றேன். முலூஸ் பெயரைக் கேட்டதும் எனக்கு எதுவும் தோன்றாதது போல, பொந்திஷேரி பெயரைக் கேட்டு அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. என் தகப்பனார் பஞ்சாலையில் வேலை பார்த்தவர் என்றதும் முகம் மாறியது. அவருடைய தாயார் மல்மெர்ஸ்பாக் ஆலையில் வேலை பார்த்தவராம். 1977-ல் இவர் இளம்பெண். தாயார் இங்கே காவல் இருந்த நாட்களில் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறாராம்.

அறுபது ஆண்டாக என் அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வியை அந்த அம்மாவிடம் கேட்டேன். "அத்தனை கோபத்தில் இருந்தார்களே, ஏன் எல்லாவற்றையும் உடைக்கவில்லை?"

அவர் என்னைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தார். "அம்மா சொல்வாள், இது எங்கள் சம்பளம், மிஸ்யே. தன் சம்பளத்தை யாராவது உடைப்பார்களா?"

இவ்வளவுதான் பேசினோம். அவர் பேரப்பிள்ளைகள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் அப்பாவைத் தப்பாகவே கணக்குப் போட்டிருக்கிறேன். முதலாளி சொத்துக்கு அவர் எண்ணெய் விடவில்லை. 1936 ஜூலை 30-ல் எங்கள் ஊரில் ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. அப்பாவுக்கு அப்போது பதினெட்டு வயது. அந்தத் தலைமுறைக்கு அந்த மெஷின் என்ன விலைக்குக் கிடைத்தது என்று தெரியும். அது மறுபடி ஓடினால் அவர்களுக்குச் சோறு. துருப்பிடித்தால் முதலாளிக்கு நஷ்டம், அவர்களுக்குப் பட்டினி. பதிவேட்டில் உரிமையாளர் பெயர்ப் பத்தியில் யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் பார்க்கப் பழகிய எழுத்தனுக்கு இது புரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

சகோதரர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஃபிரிட்ஸுக்கு அந்தப் பித்து இல்லாவிட்டால் இந்தக் கார்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருக்காது. பல பழைய கார்கள் எடைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பிறகு வழக்கு மன்றத்தில் ஏறி இறங்கி மியூசியத்தின் பெயரில் 'ஷ்லும்ஃப் சேகரிப்பு' என்பதும் சேர்ந்தது. அது நியாயம்தான். சேர்த்தவன் பெயர் பலகையில் இருக்கிறது. காத்தவர்கள் ஆயிரம் பேர், அத்தனை பேரையும் எந்தப் பலகையில் எழுதுவது? அவர்கள் கதையையும் அங்கே சொல்கிறார்களே, அதுவே பெரிது.

பேரன் திரும்பி வந்தபோது நான் ஒரு வெற்றுச் சேசிஸ் முன்னால் நின்றிருந்தேன். உடம்பு இல்லாத கார். சட்டம், எஞ்சின், அச்சு, சக்கரம். புகாட்டியின் வேலைப்பாடு அங்கேதான் தெரிகிறது. யாரும் பார்க்காத முன் அச்சையும் சிற்பம் மாதிரி இழைத்திருக்கிறார்கள். "ஷாசி" என்று உரக்கச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வரும் வழியில் சித்ரோன் 2சிவி ஒன்றைப் பார்த்தோம். 1948-ல் வெளிவந்த ஏழைகளின் கார். இரண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏறி மணிக்கு 60 கிலோமீட்டரில் போக வேண்டும், எரிபொருளும் குறைவாகக் குடிக்க வேண்டும் என்பது அதைச் செய்தவர்களுக்குக் கொடுத்த நிபந்தனை. ரொயால் விற்றது மூன்று. இது பல லட்சம்.

"தாத்தா, உங்க அப்பா என்ன கார் வெச்சிருந்தாரு?" என்றான் பேரன்.

"கார் இல்லடா. ஆயில் கேன் வெச்சிருந்தாரு" என்றேன். ரயிலில் ஸ்ட்ராஸ்பூர் வந்து சேரும் வரை அந்தக் கதையைச் சொன்னேன். திண்ணையில் போய் உட்கார்ந்தது வரைக்கும், எதையும் மறைக்காமல். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பேரன் கடைசியில் ஒன்றுதான் கேட்டான். "நீங்க சாரி சொல்லலையா தாத்தா?"

"இல்லடா."

அந்த ஆயில் கேன் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. நீண்ட மூக்கு, அடியில் கட்டைவிரலால் அழுத்தினால் டொக் என்று சத்தம் போட்டு ஒரு சொட்டு விழும். மில்லிலிருந்து கடைசியாக வந்தபோது அப்பா கையில் இருந்தது அதுதான். வீட்டம்மா தையல் மெஷினுக்கு வைத்திருந்தாள். தையல் மெஷினைக் கொடுத்த பிறகு பரணில் கிடந்தது. ஊர் திரும்பிய வாரம் இறக்கித் துடைத்தேன். மூக்கில் மட்டும் கொஞ்சம் துரு, மற்றபடி நன்றாகவே இருக்கிறது. எண்ணெய் நிரப்பி என் சைக்கிள் சங்கிலிக்கு விட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் விடுகிறேன்.

இதைப் படிக்கும் நண்பர்கள் வீட்டிலும் மில்லில் வேலை பார்த்த பெரியவர்கள் இருந்திருப்பார்கள். இன்னும் இருக்கிறவர்களிடம், நேரம் கிடைக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.